கடத்துவதும் புகவிடுவதும்: மின்வேதியியல் பலபடிப் படலங்களுக்கான தமிழ்க் கலைச்சொற்கள்

மின்வேதியியல் சாதனங்களில் பயன்படும் பலபடிப் படலங்களையும் சவ்வுகளையும் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்க முற்படுவோர்க்குச் சொற்பஞ்சம் நேர்வதில்லை. பாலிமர் என்பதற்குப் பலபடி, பல்லுறுப்பி என்னும் இரு சொற்கள் தமிழகப் பாடநூல்களில் வழங்குகின்றன. இலங்கை நூல்கள் பல்பகுதியம் என்கின்றன. எலக்ட்ரோடு மின்வாய் என்றும் மின்முனை என்றும், எலக்ட்ரோலைட்டு மின்பகுளி என்றும் மின்பகுபொருள் என்றும் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் எதைக் கொள்வது என்னும் வாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. தூய்மை, சுருக்கம், ஒலியினிமை ஆகியனவே அவ்வாதத்தில் பெரிதும் அளவுகோல்களாக அமைந்துள்ளன.

பிறிதோர் அளவுகோலும் உண்டு. சில கலைச்சொற்கள் தாம் குறிக்கும் பொருளைச் சுட்டுவதோடு நில்லாமல், அப்பொருள் எவ்வாறு செயற்படுகிறது என்பது பற்றிய ஒரு கூற்றையும் தம்முள் அடக்கியுள்ளன. அக்கூற்று ஒரு சூழலில் மெய்யாகவும் மற்றொரு சூழலில் பொய்யாகவும் இருக்கக்கூடும். பொய்யாகும் இடத்தில், சொல்லுக்குச் சொல் சரியாக அமைந்த மொழிபெயர்ப்பும் பிழையான வேதியியலைக் கற்பித்துவிடும். மின்கடத்தும் பலபடிகளைப் பற்றிய எழுத்தில் இந்நிலை அடிக்கடி நேர்வதால், அத்துறையின் நான்கு சொற்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பெங்களூருவில் நடைபெற்ற ஆய்வுகள் இதற்கு வாய்ப்பான களமாக அமைகின்றன. 1909இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்தில் இத்துறையின் இரு கிளைகளும் வளர்ந்துள்ளன. என். முனிச்சந்திரையாவும் அவருடன் பணியாற்றியோரும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின்மேல் பாலிஅனிலின் படலத்தை மின்னாற்பகுப்பு முறையில் வளர்த்து, அதை மீமின்தேக்கிக்கு உரிய மின்வாயாகப் பயன்படுத்தும் ஆய்வுகளை 2002இல் வெளியிட்டனர். பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த தளங்களுக்கு மாற்றாக மலிவான எஃகைக் கொள்ளலாம் என்பது அவ்வாய்வின் பயன். அதே கழகத்தைச் சார்ந்த ஏ. கே. சுக்லா எரிபொருள் மின்கலங்களையும் அவற்றுக்கான சவ்வுகளையும் ஆய்ந்தவர். 1953இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். நகரின் வடபால் ஜக்கூரில் 1989இல் நிறுவப்பெற்ற ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில், கே. எஸ். நாராயணின் குழு ஒளியுணரும் பலபடிப் படலத்தைக் கோழிக்குஞ்சின் விழித்திரையோடு பொருத்தி ஆராய்ந்தது. இம்மூன்று ஆய்வுகளிலும் மெல்லிய பலபடி ஏடு ஒன்று உப்புநீர்மத்தையோ அமிலத்தையோ நீரையோ ஒட்டி நிற்கிறது. ஆயினும் அவ்வேடு செய்யும் தொழில் மூன்றிலும் வேறு.

கடத்தும் என்னும் பெயரெச்சம்

'கட' என்னும் தன்வினையின் பிறவினை 'கடத்து'. இஃது செயப்படுபொருளை வேண்டும் வினை. மின்கடத்தி என்னும் தொகையில் அச்செயப்படுபொருள் 'மின்' என்பதாகும்; இரண்டாம் வேற்றுமைத் தொகையாக அதை மின்னைக் கடத்தி என விரிக்கலாம். செம்பு, அலுமினியம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்வரை இச்சொல்லில் ஐயத்திற்கு இடமில்லை. உலோகத்தில் இடம்பெயர்வது எலக்ட்ரான் ஒன்றே.

மின்வேதியியலில் நிலைமை வேறு. இங்கு மின்னோட்டத்தைச் சுமப்பவை இரண்டு: கம்பியில் எலக்ட்ரான், கரைசலில் அயனி. ஒரு மின்கலம் இயங்க வேண்டுமாயின் இவ்விரண்டும் தத்தம் வழியே செல்லவேண்டும். எரிபொருள் மின்கலத்தில் ஒருபுறம் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. புரோட்டான்கள் நடுவிலுள்ள சவ்வின் ஊடே மறுபுறம் சேர்கின்றன. எலக்ட்ரான்கள் புறச்சுற்றில் விளக்கையோ மோட்டாரையோ இயக்கிச் சுற்றிவந்து அங்கே ஆக்சிஜனுடன் கூடி நீரை உண்டாக்குகின்றன. அச்சவ்வு எலக்ட்ரானையும் கடத்திவிட்டால் அவை புறச்சுற்றுக்கு வரவே மாட்டா. மின்கலத்தினுள் குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் கலம் பயனற்றுப்போகும்.

இச்சவ்வுகளுள் புகழ்பெற்றது 1960களில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான நாஃபியான். டெஃப்லானை ஒத்த புளோரோகார்பன் சங்கிலியில் சல்ஃபானிக் அமிலத் தொகுதிகள் தொங்கும் அமைப்பு அது. நீரை ஏற்றுத் ததும்பும் நிலையில் அத்தொகுதிகளிடையே புரோட்டான்கள் தாவிச் செல்கின்றன. நாஃபியான் 117 என்னும் வணிகப் பெயரே சொல்லாய்வாளர்க்குச் சுவை தரும்: முதல் ஈரிலக்கம் 1100 என்னும் சமான எடையையும், இறுதி எண் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 7 பங்கு என்னும் தடிப்பையும் குறிக்கின்றன. இதனை மொழிபெயர்க்க வேண்டிய தேவை எவருக்கும் நேராது என்பது ஓர் ஆறுதல்.

பாலிஅனிலின் படலத்தின் இயல்பு இதற்கு எதிரானது. அதன் சங்கிலி நெடுகிலும் பரவியுள்ள எலக்ட்ரான்கள் ஓர் அணுப்பிணைப்போடு கட்டுண்டிராமல் சங்கிலி வழியே இடம்பெயரக்கூடியவை. எலக்ட்ரானைக் கடத்துவதற்காகவே அப்படலம் எஃகின்மேல் வளர்க்கப்படுகிறது. அப்போது ஈடு செய்யும் அயனிகளும் அதனுட் சென்று வருகின்றன.

துறையறிந்த ஆங்கில எழுத்தாளர்கள் 'கண்டக்டிங் பாலிமர்' என்று வாளா கூறினால் எலக்ட்ரானைக் கடத்துவதையே கருதுவர். அயனியைக் கடத்துவதாயின் அதனை முன்னே சேர்த்துச் சொல்வர். இது மரபாற் பெற்ற பொருள், சொல்லிலிருந்து பெற்றதன்று. தமிழில் இவ்விரண்டையும் 'மின்கடத்தும் பலபடி' என்று எழுதினால், எலக்ட்ரானைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்ட சவ்வும், எலக்ட்ரானைச் செலுத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட படலமும் ஒரே பெயரைப் பெறும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் சாதனம் இயங்காது. எனவே 'கடத்து' என்னும் வினைக்கு அதன் செயப்படுபொருளை மீட்டுத் தருவதே மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது. 'எலக்ட்ரான் கடத்தும் பலபடி', 'புரோட்டான் கடத்தும் சவ்வு' என்பன சற்றே நீளமானவை. ஆயினும் நீளம் கருதி இவற்றைச் சுருக்குவது, தொகையில் மறைந்த வேற்றுமையைப் படிப்போர் தாமே ஊகிக்கட்டும் என்று விடுவதாகும். இலக்கியத்தில் அது நயமாகலாம், ஆய்வுக்கூடத்தில் ஆகாது.

படலம், சவ்வு, ஆடை

ஃபிலிம், மெம்பிரேன் ஆகிய இரண்டும் மெல்லியவை. வேறுபாடு தடிப்பில் இல்லை. ஃபிலிம் ஒரு தளத்தின்மேல் படிந்திருப்பது. மெம்பிரேன் இரு பகுதிகளுக்கு நடுவே நின்று, ஒன்றைச் செல்லவிட்டு மற்றொன்றை மறிப்பது. முன்னது இருக்கும் இடத்தாற் பெயர் பெறுகிறது. பின்னது செய்யும் தொழிலாற் பெயர் பெறுகிறது.

தமிழில் 'படலம்' படிந்து மூடுவதையும், 'சவ்வு' உடலுறுப்புகளை உறையிட்டும் பிரித்தும் நிற்பதையும் குறித்து வந்தமையால் இப்பாகுபாட்டுக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. இலங்கைத் தமிழ் மெம்பிரேனை 'மென்சவ்வு' என்கிறது. பேச்சுவழக்கில் 'ஜவ்வு' என்னும் வடிவம் இழுபடும் தன்மையைச் சுட்டுவதாகப் பொருள் திரிந்து, மிட்டாய்க்கும் முடிவுறாத பேச்சுக்கும் அடையாகியுள்ளது. கலைச்சொல்லை அது தீண்டவில்லை. எனினும் பாடநூல்களிலும் இதழ்களிலும் ஒரே கட்டுரைக்குள் 'சவ்வு', 'படலம்', 'மென்படலம்' ஆகியன ஒன்றற்கொன்று மாற்றாக, நடைவேறுபாடு கருதி ஆளப்படுவதைக் காணலாம். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதலாகாது என்னும் கட்டுரைப் பயிற்சியின் விளைவு அது. அறிவியல் உரைநடையில் இப்பழக்கம் கேடு விளைப்பது.

சவ்வின் தொழிலைக் குறிக்கத் தமிழ்நாட்டு வேதியியல் நூல்கள் ஆண்ட 'கூறு புகவிடும் சவ்வு' என்னும் தொடர் பாராட்டுக்குரியது. 'புகவிடு' என்னும் கூட்டுவினையில் 'விடு' இசைவுப் பொருளைத் தருகிறது. சவ்வு எதனையும் தள்ளுவதில்லை, புக இசைகிறது என்னும் நுட்பம் அதில் உண்டு. இவ்வினையைப் பின்னாளைய எழுத்தாளர்கள் கைவிட்டு 'ஊடுருவல்' என்று எழுதத் தலைப்பட்டது இழப்பே. மெத்தனாலை நேரடியாகப் பயன்படுத்தும் எரிபொருள் மின்கலங்களில் நாஃபியான் புரோட்டானோடு மெத்தனாலையும் ஓரளவு மறுபுறம் செல்ல விட்டுவிடுகிறது. எரிபொருள் வீணாவதோடு மின்னழுத்தமும் குறைகிறது. பாலிவினைல் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்ட கலப்புச் சவ்வுகளைச் சுக்லாவும் காரைக்குடி நிறுவனத்தின் சென்னைப் பிரிவினரும் ஆராய்ந்தமைக்கு இக்குறையும் ஒரு காரணம். அச்சிக்கலைத் தமிழில் 'புரோட்டானைப் புகவிட்டு மெத்தனாலைப் புகவிடாத சவ்வு தேவை' என ஒரே வினையின் உடன்பாடு, எதிர்மறை வடிவங்களால் கூறிவிட முடிகிறது.

நீர்மத்தின் மேற்பரப்பில் தானே உருவாகும் ஏட்டுக்குத் தமிழில் மற்றொரு சொல் உண்டு. பாலாடை, பாலேடு என்பவற்றில் உள்ள 'ஆடை', 'ஏடு' ஆகியவையே அவை. மின்கடத்தும் பலபடிகளின் வரலாறு இத்தகைய ஆடை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. 1967இல் ஜப்பானில் ஹிடெகி ஷிராகாவாவின் ஆய்வுக்கூடத்தில், வினையூக்கி ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டமையால், அசெட்டிலீன் வாயு கரும்பொடியாக மாறாமல் கரைசலின் மேற்பரப்பில் வெள்ளி நிறம் பளிச்சிடும் பாலிஅசெட்டிலீன் ஏடாகப் படிந்தது. பிற்பாடு ஆலன் மக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோருடன் இணைந்து ஷிராகாவா அதனை அயோடின் ஆவிக்கு உட்படுத்தியபோது அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977இல் வெளியான அக்கண்டுபிடிப்புக்காக மூவரும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

மாசு எனப்படாத மாசு

அயோடினுக்கு உட்படுத்திய அச்செயலை ஆங்கிலத்தில் 'டோப்பிங்' என்றனர். சிலிக்கான் முதலிய குறைக்கடத்திகளுக்கு வழங்கிய சொல் அது. அங்கு அதற்குத் தமிழில் 'மாசூட்டல்' என்று வைத்தனர், பொருத்தமாகவே வைத்தனர். தூய சிலிக்கானில் இலட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என்னும் அளவில் வேற்றணு இடம்பெறுகிறது. அளவாலும் தன்மையாலும் அது மாசே.

பலபடிகளில் நிகழ்வது வேறு. அயோடின் பாலிஅசெட்டிலீனிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு எதிரயனியாகிச் சங்கிலிகளின் இடையே தங்குகிறது. பாலிபைரோலில் மூன்று அல்லது நான்கு வளையங்களுக்கு ஓர் எதிரயனி அமைகிறது. பாலிஅனிலினிலோ செயல்முறையே மாறுகிறது: மரகத நிறம் குறித்து 'எமரால்டின்' எனப் பெயரிடப்பெற்ற அதன் இடைநிலை வடிவத்தை அமிலத்தில் தோய்த்தால், நைட்ரஜன் அணுக்களுள் பாதிவரை புரோட்டானை ஏற்கின்றன, எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறாமலேயே கடத்துதிறன் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு கூடுகிறது. காரத்தில் கழுவினால் பழைய நிலை மீள்கிறது. பாதியளவு கலந்திருப்பதை, வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது நீக்கக்கூடியதை, அச்சாதனத்தின் உயிராக விளங்குவதை 'மாசு' என்பது தமிழ்ச் செவிக்கு ஒவ்வாது. மாசுக் கட்டுப்பாடு பற்றி நாள்தோறும் படிக்கும் வாசகருக்கு, நரம்புத் திசுவைத் தொடும் மின்வாயின்மேல் 'மாசூட்டிய படலம்' பூசப்படுகிறது என்னும் தொடர் என்ன அச்சத்தைத் தரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலச் சொல்லில் இச்சுமை இல்லை என்பது நோக்கத்தக்கது. தோய்த்தல் என்று பொருள்படும் டச்சு மொழி வினையடியாகப் பிறந்து, குழம்பு வகையைக் குறித்து, பின்னர்ப் பல பொருள்களுக்குத் தாவிய சொல் அது. மாசு என்னும் கூற்று அதில் எங்கும் இல்லை. தமிழாக்கியோர் சிலிக்கானைக் கண்முன் வைத்துச் சேர்த்தது அது. 'தோய்த்தல்' என்பதையே தமிழிலும் ஆளலாமா என்னும் எண்ணம் எழுவது இயல்பு. பாலில் சிறிது தயிரிட்டுத் தோய்ப்பதும் உண்டல்லவா? சிற்றளவு சேர்ந்து முழுவதின் இயல்பையும் மாற்றுவதற்கு அது நல்ல உவமை. ஆனால் தயிர் மீண்டும் பாலாவதில்லை, பலபடியோ மீள்கிறது. உவமை கவர்ச்சியானது என்பதற்காக அதைக் கலைச்சொல்லாக்கினால், மாசூட்டலில் நேர்ந்த இடரே மீண்டும் நேரும். சிலிக்கானுக்கு 'மாசூட்டல்' நிற்க, பலபடிகளுக்கு 'அயோடின் ஊட்டல்', 'அமிலம் ஊட்டல்' என ஊட்டப்படும் பொருளைக் கூறி எழுதுவதும், பொதுவாகக் கூறுமிடத்து 'டோப்பிங்' என்றே வைத்துக்கொள்வதும் இப்போதைக்குத் தீங்கற்ற வழியாகும்.

இதனோடு ஒத்த சிக்கல் 'ஆக்சிஜனேற்றம்' என்னும் சொல்லிலும் உண்டு. அயோடின் எலக்ட்ரானைப் பறிக்கும் வினை வேதியியல் மரபில் ஆக்சிஜனேற்றமே. ஆனால் அங்கே ஆக்சிஜன் இல்லை. ஆங்கிலச் சொல்லும் ஆக்சிஜனிலிருந்து பிறந்ததே எனினும், நெடுநாள் வழக்கில் அதன் உள்ளுறுப்பு மங்கிவிட்டது. தமிழில் 'ஏற்றம்' இன்னும் உயிருள்ள சொல்லாதலால் உறுப்புப் பொருள் முன்னுக்கு வந்துவிடுகிறது. முதன்முறை வரும் இடத்தில் 'எலக்ட்ரான் இழப்பு' என்று விரித்துரைத்தல் போதும்.

நேர்மின்வாய் என்னும் பொறி

நான்கு சொற்களுள் மிகுந்த இடர் தருவது இது. ஆனோடு, கேத்தோடு ஆகியவற்றைத் தமிழகக் கலைச்சொல் மரபு முறையே நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்கிறது. இவற்றின் ஈற்றில் நிற்கும் 'மின்வாய்' குறைகாண முடியாத ஆக்கம். 'வாய்' என்பது திறப்பையும் இடத்தையும் குறிப்பது. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குரிய சொற்களுள் அதனையும் எண்ணுகிறார். மின் புகும் இடம், மின் வெளிப்படும் இடம் என்னும் பொருள் அதனாற் கிடைக்கிறது. இடர் அதன் முன் நிற்கும் நேர், எதிர் என்னும் அடைகளில் உள்ளது.

1834இல் மைக்கேல் ஃபாரடே இப்பெயர்களை நாடியபோது, நேர் முனை, எதிர் முனை என்னும் பழைய பெயர்கள் மின்னோட்டத்தின் இயல்பு பற்றிய ஒரு கோட்பாட்டை முன்னதாகவே ஏற்றுக்கொண்டவை என்பதே அவருடைய குறை. கோட்பாடு மாறினாலும் பிழையாகாத பெயர்களைத் தருமாறு கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லிடம் கேட்டார். நிலவுலகின் காந்தத்திற்குக் காரணமாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு மின்னோட்டம் சுற்றுவதாகக் கற்பனை செய்து, ஞாயிறு எழும் பக்கத்தை மேல்வழி எனவும் விழும் பக்கத்தைக் கீழ்வழி எனவும் பொருள்படுமாறு கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஹியூவெல் ஆனோடு, கேத்தோடு என்பவற்றை ஆக்கித் தந்தார். தமிழில் இக்கருத்தை அப்படியே பெயர்த்திருந்தால் 'எழுவாய்' என்று வந்திருக்கும். அதனை இலக்கணம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக, நேர் எதிர் என்னும் அடைகளை விலக்குவதற்காகவே பிறந்த சொற்களுக்கு, அவ்வடைகளையே மீண்டும் சேர்த்துத் தமிழாக்கம் செய்யப்பட்டுள்ளது.

இதன் விளைவைப் பாலிஅனிலின் படலம் ஒன்றின் வாழ்க்கையில் காணலாம். எலக்ட்ரானை இழக்கும் வினை நிகழும் மின்வாய் ஆனோடு. எலக்ட்ரானை ஏற்கும் வினை நிகழும் மின்வாய் கேத்தோடு. இவ்வரையறை எல்லாக் கலங்களுக்கும் பொருந்தும். அனிலின் கரைந்த அமிலத்தில் எஃகுத் தகட்டை நிறுத்திப் புறத்திலிருந்து மின்சாரம் செலுத்தும்போது, படலம் ஆனோடில் வளர்கிறது. லண்டனில் ஹென்றி லெதபி 1862இல் பிளாட்டினத்தின்மேல் நீலப்பச்சைப் படிவைப் பெற்றதும் இவ்வகையிலேதான். அங்கு ஆனோடு நேர்மின்னேற்றம் கொண்டது, 'நேர்மின்வாய்' பொருந்துகிறது. அதே படலத்தை லித்தியத்துடன் சேர்த்து மின்கலமாக்கினால், 1980களின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிறு மின்கலங்களைப் போல, அது மின்கலத்தின் நேர்முனையாக விளங்கும். கலம் மின்சாரம் தரும்போது படலம் எலக்ட்ரானை ஏற்பதால் வரையறைப்படி அது கேத்தோடு. கலைச்சொல் அகராதியைப் பின்பற்றுவோர் அதனை 'எதிர்மின்வாய்' என்று எழுதியாகவேண்டும். மின்னளவியின் நேர்க்கம்பியை இணைக்கவேண்டிய முனைக்கு 'எதிர்' என்று பெயர். எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜன் வந்துசேரும் ஆனோடுக்கும் இதே கதி: அது கலத்தின் எதிர்முனை, பெயரோ நேர்மின்வாய்.

மீண்டும் மின்னேற்றும்போது வரையறைப்படி பெயர்கள் இடம் மாறவேண்டும். ஆனால் மின்கலத் துறையினர் ஆங்கிலத்தில் அவ்வாறு மாற்றுவதில்லை. மின்சாரம் தரும் நிலையில் பெற்ற பெயரையே எந்நிலைக்கும் வழங்குவர். இலங்கைத் தமிழில் 'அனோட்டு', 'கதோட்டு' என ஒலிபெயர்த்து வழங்கும் முறை இவ்விடரைப் பெரும்பாலும் தவிர்க்கிறது; ஹியூவெல் நாடிய நடுநிலையும் அதனாற் காக்கப்படுகிறது. மின்னாற்பகுப்பு, எலக்ட்ரான் இழப்பு முதலிய வினைகளைப் பற்றிய எழுத்தில் ஆனோடு, கேத்தோடு என்னும் வடிவங்களையும், மின்கலத்தின் முனைகளைக் குறிக்குமிடத்து மூலத்தில் எப்பெயர் இருப்பினும் மின்னேற்றத்தை நோக்கி நேர்முனை, எதிர்முனை என்பவற்றையும் ஆள்வது தக்கது.

மேற்கூறிய இடர்கள் ஒரே வாக்கியத்தில் கூடுவதும் உண்டு. மின்னேற்றம் பற்றிய ஆங்கிலக் கூற்று ஒன்றை அகராதியின் துணைகொண்டு பெயர்த்தால் பின்வருமாறு அமையும்: 'மின்னேற்றத்தின்போது மின்பகுளியிலுள்ள எதிரயனிகள் எதிர்மின்வாயாகிய பாலிஅனிலின் சவ்வினுட் புகுந்து அதனை மாசூட்டுகின்றன.' இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிச் சான்று உண்டு. ஆயினும் எதிரயனி எதிர்மின்வாயை நோக்கிச் செல்வதாகப் படிக்கும் மாணவர், ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று தாம் பள்ளியிற் கற்றது பொய்யோ என மயங்குவார். பிரிப்பதற்கென வைத்த சவ்வு ஏன் அயனிகளை உள்வாங்குகிறது என்றும், கலத்தை மாசுபடுத்துவது எதற்காக என்றும் வினவுவார். அதே செய்தியை இவ்வாறு எழுதலாம்: 'மின்னேற்றத்தின்போது நேர்முனையிலுள்ள பாலிஅனிலின் படலம் எலக்ட்ரான்களை இழக்கிறது, அவ்விழப்பை ஈடுசெய்ய மின்பகுளியின் எதிரயனிகள் படலத்தினுட் புகுகின்றன. டோப்பிங் எனப்படுவது இதுவே.' மூலத்தில் ஒரு வாக்கியம், பெயர்ப்பில் இரண்டு. மூலத்தில் இல்லாத 'எலக்ட்ரான் இழப்பு' இதில் சேர்ந்துள்ளது என்று பதிப்பாசிரியர் ஒருவர் வினவினால், அது மூலத்தின் 'டோப்பிங்' என்னும் ஒற்றைச் சொல்லுள் அடங்கியிருந்தது என்பதே மறுமொழி.